பேஸ்போல் நடுவர் ரவுசர்: பிளேட்டுக்குப் பின்னால் குந்தினால் இடுப்பு இறங்குகிறது, முழங்கால் பிடிக்கிறது. என்ன அளவில் தைப்பது?

செம்மண்_நடுவர்

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கோண்டாவில் பக்கம். இரண்டு வருடமாகப் பாடசாலைப் பெடியளின் பேஸ்போல் பயிற்சி ஆட்டங்களுக்கு நடுவராக நிற்கிறேன். இவ்வளவு நாளும் பேஸ் பக்கம்தான் நின்றேன், ஓடிப்போய் நின்று அவுட்டா இல்லையா என்று சொல்கிற வேலை. அதற்குக் கந்தோருக்குப் போடுகிற சாம்பல் ரவுசரே போதுமாக இருந்தது. இந்த வருடம் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், அதாவது பந்தை அடிக்கிறவர் நிற்கிற தட்டுக்குப் பின்னால், நிற்கச் சொன்னார்கள். அதற்கென்று கொழும்பிலிருந்து ஒரு நண்பர் தன் பழைய கால்கவசம் ஒரு சோடி அனுப்பினார். கிரிக்கெட் பாட் போல இதை வெளியில் கட்டுவதில்லை, ரவுசருக்கு உள்ளே கட்டவேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

முதல் ஆட்டத்திலேயே கந்தோர் ரவுசருக்குள் கவசத்தைத் திணித்துக்கொண்டு போனேன். நிற்கும்போது ஒன்றும் தெரியவில்லை. பந்தைப் பிடிக்கிற கேட்சருக்குப் பின்னால் குந்தியவுடன் முழங்கால் இரண்டும் கட்டுப்போட்டது போல் ஆகிவிட்டது. கீழ்வாய் கணுக்காலுக்கு மேலே ஏறி, கவசத்தின் கொளுக்கி வெளியே தெரிந்தது. பின்பக்கம் இடுப்பு இறங்கி சேட்டு வெளியே வந்துவிட்டது. நாலாவது இனிங்ஸில் முழங்காலுக்கு மேலே உள்தையல் விட்டுப்போய்விட்டது. பிறகு சரியாகக் குந்தவே பயந்து பாதி நின்றபடி பார்த்தேன். அப்படி நின்றால் தாழ்ந்து வருகிற பந்து சரியாகத் தெரியாது, இரண்டு தீர்ப்பு பிழைத்திருக்கும் என்று இன்றைக்கும் மனம் உறுத்துகிறது.

அடுத்ததாக ஒரு தையற்கடையில் புதிதாகத் தைக்கக் கொடுத்தேன். கவசம் போடுவேன் என்று சொன்னேன். அவர் என்னை நேராக நிற்கவைத்து, கவசம் இல்லாமல் அளந்து, ‘இரண்டு அங்குலம் எல்லா இடத்திலும் கூட்டி விடுகிறேன்’ என்று தைத்துத் தந்தார். இப்போது இடுப்பு தொளதொள, முழங்கால் அதே பிடி. மாற்றுப் பந்துகள் வைக்கிற பந்துப் பையைப் பெல்ட்டில் கொளுவினால் ரவுசர் முழுதாக இறங்குகிறது. இரண்டு தரம் காசு போய்விட்டது. யாராவது இந்த ரவுசர் சரியாகத் தைத்தவர்கள், போட்டவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள்.

பழைய_விக்கெட்காப்பாளர்

தம்பி, நான் இருபது வருடத்துக்கு மேல் கிரிக்கெட் நடுவராக நின்றவன். கறுப்பு ரவுசர் ஒன்றை இரண்டு அளவு பெரிதாக வாங்கி, பெல்ட்டை இறுக்கிக் கட்டினால் விசயம் முடிந்தது. நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவனுக்கு காற்றுப் போகிற ரவுசர்தான் முக்கியம். இதற்குப்போய் தனியாகத் தைக்கவேண்டுமா?

குருநகர்_பெடியன்

எனக்கும் இதே முழங்கால் பிடிதான் அண்ணை. என்ன பதில் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பனிநாட்டு_நடுவர்

கனடா ஸ்கார்பரோவில் இருந்து எழுதுகிறேன், ஊர் உரும்பிராய். என் மகன் சிறுவர் லீக்கில் விளையாடத் தொடங்கியபோது நானும் நடுவர் பயிற்சிக்குப் போனேன், இப்போது பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. விக்கெட்காப்பாளர் அண்ணை கோபிக்கக்கூடாது, ஆனால் இரண்டு அளவு பெரிதாக வாங்குகிற வழி இங்கே சரிவராது, அதைப் பரீட்சித்துப் பார்த்தவன் நான். கிரிக்கெட் நடுவரின் ரவுசர் நிற்பதற்கான உடுப்பு. பிளேட் நடுவரின் ரவுசர் குந்துவதற்கான உடுப்பு. பெரிய தொழில்முறை ஆட்டம் ஒன்றில் இரு அணியும் சேர்ந்து முந்நூறு பந்து அளவில் எறிவார்கள், பிளேட் நடுவர் ஒவ்வொரு பந்துக்கும் இறங்கி எழும்பவேண்டும். பாடசாலை ஆட்டத்தில் அதில் பாதி வந்தாலும் நூற்றைம்பது தரம் ஆகிறதே.

இங்கே கடையில் நடுவர் ரவுசர் மூன்று விதமாக வருகிறது. பிளேட் ரவுசர் என்பது தொடையில் இருந்து கீழ்வாய் வரைக்கும் அகலமாக வெட்டியது, உள்ளே கால்கவசம் போவதற்காக. பேஸ் ரவுசர் ஒடுக்கமானது, ஓடும்போது துணி அடிக்காமல் இருக்க. இரண்டுக்கும் நடுவில் கொம்போ என்று ஒன்று, ஒரே நாளில் இரண்டு இடத்திலும் நிற்கிறவர்களுக்கு. மூன்றிலும் இடுப்பு ஒரே அளவுதான். வித்தியாசம் எல்லாம் இடுப்புக்குக் கீழே. உங்கள் தையற்காரர் செய்த பிழை அதுதான், எல்லா இடத்திலும் இரண்டு அங்குலம் கூட்டினார். இடுப்பில் கூட்டவே தேவையில்லை.

ஏன் இப்படி எல்லாம் உடுப்புக்குள் போனது என்று யாராவது கேட்பீர்கள். கால்கவசத்தோடு நெஞ்சுக்கவசமும் இப்போது சேட்டுக்கு உள்ளேதான். ஒரு காலத்தில், அமெரிக்காவின் உச்சமட்டத் தொழில்முறைப் பேஸ்போலான மேஜர் லீக்கின் ஒரு பிரிவான அமெரிக்கன் லீக் நடுவர்கள் பெரிய மெத்தை மாதிரி ஒன்றை நெஞ்சுக்கு முன்னால் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேஜர் லீக்கில் கடைசியாக அதைப் பிடித்த ஜெரி நியூடெக்கர் 1985இல் ஓய்வு பெற்றார், அதோடு அது போய்விட்டது. கவசம் உள்ளே போனதால் குனிய வசதி, கேட்சரின் தோளுக்கு அருகே தலையைக் கொண்டுபோகலாம். ஆனால் அவ்வளவையும் தாங்கவேண்டியது துணிதான்.

பந்துப் பை பற்றி: ஒரு பேஸ்போல் பந்து 142 முதல் 149 கிராம். இரண்டு பையிலும் மூன்று மூன்றாக ஆறு பந்து வைத்தால் கிட்டத்தட்ட 900 கிராம், அதோடு பிளேட் துடைக்கிற தூரிகை. ஒரு கிலோ அரிசிப் பையை இடுப்பில் தொங்கவிட்ட மாதிரிதான். இடுப்பு தொளதொளத்தால் இறங்காமல் என்ன செய்யும்?

எல்லே_ரீச்சர்

நான் பாடசாலையில் எல்லேயும் (மட்டையால் பந்தடித்து ஓடுகிற எங்கட நாட்டு விளையாட்டு) சொஃப்ட்போலும் பழக்குகிறேன், பெண்பிள்ளைகளின் சொஃப்ட்போல் ஆட்டங்களுக்கு நடுவராகவும் நிற்கிறேன். இந்த இழையில் எல்லோரும் ஆண்களின் அளவையே பேசுகிறீர்கள். கடையில் ‘நடுவர் ரவுசர்’ என்று விற்பது பெரும்பாலும் ஆண்கள் வெட்டு. எங்களுக்கு இடுப்புக்குச் சரியாக எடுத்தால் இருப்புப் பக்கம் (உட்காருகிற பகுதி) நுழையாது, இருப்புக்குச் சரியாக எடுத்தால் இடுப்பில் பின்பக்கம் ஒரு கை போகிற இடைவெளி. குனிந்தால் அந்த இடைவெளி வாய் பிளக்கும். அப்படி ஒரு ரவுசரோடு எழுபது பேர் பார்க்க நிற்க மனம் வருமா? இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டு ஆசிரியைகள் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அறிவு இருக்கிறது, கண் இருக்கிறது, விதி தெரியும், உடுப்பு சரியில்லை என்று பின்வாங்குகிறார்கள். எனக்கு அது மிகவும் கவலையான விசயம்.

2025 ஓகஸ்ட் 9 அன்று ஜென் பவோல் என்ற பெண் மேஜர் லீக்கின் வழமைப் பருவ ஆட்டத்தில் நடுவராக நின்றார், முதல் பெண் அவர்தான். அடுத்த நாள் பிளேட்டுக்குப் பின்னால் நின்றார். அந்தப் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஒரு பிள்ளை கேட்ட கேள்வி, ‘ரீச்சர், அவவுக்கு அந்த ரவுசர் எங்கே தைத்தது?’ எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் சரியான இடத்தைத்தான் பார்த்திருக்கிறாள்.

பழைய_விக்கெட்காப்பாளர்

பனிநாட்டுத் தம்பி சொல்வது விளங்குகிறது. முந்நூறு தரம் குந்துகிற கணக்கை நான் யோசிக்கவில்லை. நான் சொன்னதை எடுத்துவிடுங்கள், கிரிக்கெட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் துணி விசயத்தில் என் பேச்சைக் கேளுங்கள்: எங்கட வெயிலுக்கு வெளிநாட்டு நடுவர் ரவுசரின் தடித்த துணி வேண்டாம். சித்திரையில் கவசத்தோடு அதைப் போட்டு நின்றால் மயங்கி விழுவீர்கள்.

கத்தரிக்கோல்

சுன்னாகத்தில் முப்பது வருடத்துக்கு மேலாகத் தைக்கிறேன். பேஸ்போல் எனக்குத் தெரியாது, ஆனால் குந்துகிறவனுக்கு ரவுசர் தைக்கத் தெரியும். மேசன்மாருக்கு, டைல் பதிக்கிற பெடியளுக்கு, மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர்களுக்கு எத்தனையோ தைத்திருக்கிறேன். உங்கள் பிரச்சினையும் அவர்களுடைய பிரச்சினைதான், உள்ளே கவசம் ஒன்று கூடுதல்.

முதல் விசயம், நிற்கவைத்து அளந்தால் பயனில்லை. கவசத்தைக் கட்டி, உள்ளே கவட்டுக்குப் போடுகிற கவசத்தையும் போட்டு, மைதானத்துக்குப் போடுகிற அதே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தையற்காரரிடம் போங்கள். வெட்கப்படாதீர்கள். அங்கேயே அவர் முன்னால் குந்துங்கள். குந்தியபடி முழங்காலைச் சுற்றி அளக்கவேண்டும், நிற்கும்போது உள்ள சுற்றளவை விட அது இரண்டு அங்குலமாவது கூட வரும். அந்த அளவோடு இன்னும் இரண்டு அங்குலம் கூட்டினால்தான் துணி கவசத்தின் மேல் வழுக்கி ஏறும், இல்லாவிட்டால் முழங்காலில் ஒட்டிக்கொண்டு மேலே உள்ள தையலை இழுக்கும். உங்கள் உள்தையல் விட்டது நூல் பிழையால் இல்லை. முழங்காலில் துணி மாட்டிக்கொண்டது, நீங்கள் குந்தக் குந்த இழுவை எல்லாம் மேலே அந்தத் தையலில் விழுந்தது.

இரண்டாவது பின் உயரம். இடுப்பு ஏன் இறங்குகிறது என்று எல்லோரும் இடுப்பையே பார்க்கிறார்கள். குந்தும்போது முதுகுக்கும் கவட்டுக்கும் இடையில் உள்ள தூரம் நீள்கிறது, துணி நீளாது, ஆகவே இடுப்பைக் கீழே இழுக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: பழைய ரவுசர் ஒன்றைப் போட்டு, முதுகில் இடுப்புப்பட்டியின் மேல்விளிம்பு நிற்கிற இடத்தில் பனியனில் சோக்கால் கோடு போடுங்கள். குந்துங்கள். பட்டி எவ்வளவு கீழே போனது என்று அளவுநாடாவால் பாருங்கள். இரண்டு அங்குலம் போனால், அதில் ஒன்றேகால் அங்குலத்தைப் பின்துண்டின் உயரத்தில் கூட்டவேண்டும். மீதிக்குக் கவட்டில் தாயக்கட்டம் மாதிரி நாலு மூலைத் துண்டு ஒன்று வைத்துத் தைக்கவேண்டும். டைல் பெடியளுக்கு நான் வைப்பது அதைத்தான். நாலு தையலும் ஒரே புள்ளியில் சந்தித்தால்தான் கவடு கிழியும், இந்தத் துண்டு அதைப் பிரித்துவிடும்.

முன்பக்கம் இரண்டு மடிப்பு வையுங்கள். மடிப்பில்லாத ரவுசர் இப்போது நாகரிகம், தெரியும். ஆனால் குந்தும்போது தொடைக்கு இடம் கொடுப்பது அந்த மடிப்புத்தான், எழும்பியதும் தானாக மூடிக்கொள்ளும். ரீச்சரின் பிரச்சினைக்கு வேறு வழி. பின் இடுப்பில் இரண்டு டாட் (துணியைக் கூம்பாக மடித்துத் தைக்கிற பிடிப்பு) பிடிக்கவேண்டும், இடுப்புப்பட்டியை நேர் துண்டாக வெட்டாமல் வளைவாக வெட்டவேண்டும். நேர்ப்பட்டி பெண்களின் இடுப்பில் உட்காராது. இதை எந்தத் தையற்காரரிடமும் உரிமையோடு கேளுங்கள் ரீச்சர், இது புதிய வேலை இல்லை, பாவாடைக்குச் செய்கிற வேலைதான்.

குருநகர்_பெடியன்

ஐயா, துணி என்ன எடுப்பது? ஸ்ட்ரெச் துணி என்று நவீன சந்தைப் பக்கம் கடையில் காட்டினார்கள், நாலு பக்கமும் இழுபடுகிறது.

கத்தரிக்கோல்

இழுபடுகிற துணி நல்லதுதான், ஆனால் மெல்லியதாக எடுத்தால் கவசத்தின் கொளுக்கி, ஒட்டுப்பட்டி எல்லாம் வெளியில் புடைத்துத் தெரியும், ஒட்டுப்பட்டியின் முள் துணியைப் பிய்க்கும். நான் சொல்வது, பொலியெஸ்டர் ரேயோன் கலந்த சூட்டிங் துணியில் கொஞ்சம் இழுவை உள்ளதாகப் பாருங்கள். கையில் பிடித்துக் கசக்கி விட்டால் சுருக்கம் நிற்கக்கூடாது. முன்பக்கம் முழங்காலுக்குக் கீழே வரை வழுக்குகிற உள்துணி ஒன்று வையுங்கள், கவசத்தில் மாட்டாது. வெட்டுவதற்கு முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவிடுங்கள். அகலத் துணியில் சாதாரண ரவுசருக்கு ஒன்றேகால் மீற்றர் போதும், இதற்கு ஒன்றரை எடுங்கள். மிச்சத் துணியை எறியவேண்டாம், கவட்டுத் துண்டு பழுதானால் மாற்ற உதவும்.

பனிநாட்டு_நடுவர்

ஐயா சொன்ன முழங்கால் உள்துணி அருமையான யோசனை. இன்னும் இரண்டு விசயம் சேர்க்கிறேன். பெல்ட் வளையங்களை அகலமான பெல்ட் போகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள், பந்துப் பையின் பாரத்துக்கு மெல்லிய பெல்ட் முறுகிவிடும். பை கொளுவுகிற இடத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு வளையம் வந்தால் பை ஓடும்போது நகராது. இடுப்புப்பட்டியின் உள்பக்கம் றப்பர் நாடா ஒன்று தைத்தால் சேட்டைப் பிடித்துவைக்கும்.

நிறம் பற்றி யாரும் கேட்கவில்லை. இங்கே வழக்கம் சாம்பல், இளஞ்சாம்பலும் உண்டு, கரிச்சாம்பலும் உண்டு. எங்கட செம்மண்ணுக்கு நான் கரிச்சாம்பல்தான் சொல்வேன்.

எல்லே_ரீச்சர்

செம்மண் பற்றி ஒரு குறிப்பு. ஈரமாக இருக்கும்போது தேய்க்கவேண்டாம், நூலுக்குள் இறங்கிவிடும். காயவிட்டு, பழைய பல்துலக்கியால் தட்டி உதிர்த்துவிட்டு, பிறகு குளிர்தண்ணீரில் தோயுங்கள்.

டாட் விசயத்துக்கு நன்றி ஐயா. அந்த இரண்டு ஆசிரியைகளையும் கூட்டிக்கொண்டு உங்களிடம் வரலாமா?

கத்தரிக்கோல்

தாராளமாக வாருங்கள் பிள்ளை. சனி பின்னேரம் என்றால் கடை அமைதியாக இருக்கும், வீட்டுக்காரியும் நிற்பா, பெண்களுக்கு அளவு எடுப்பது அவதான். செம்மண்_நடுவர் தம்பியும் வரலாம்.

செம்மண்_நடுவர்

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். ஐயாவிடம் போனேன். கவசம், சப்பாத்து, பந்துப் பை, ஆறு பந்து, எல்லாவற்றையும் ஒரு உரப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனேன். கடையின் நடுவில் எல்லாம் கட்டிக்கொண்டு குந்தினேன். ஐயா நிலத்தில் இருந்துகொண்டு அளந்தார். வெறும் முழங்கால் 15 அங்குலம், கவசத்தோடு நிற்கும்போது 19, குந்தியபோது 21. அவர் ரவுசரில் வைத்தது 23. கீழ்வாய் 21. என் கந்தோர் ரவுசரின் கீழ்வாய் 16 என்று அப்போதுதான் அளந்து பார்த்தோம், ஐந்து அங்குல வித்தியாசம். சோக் கோடு சரியாக இரண்டேகால் அங்குலம் இறங்கியது. இடுப்பு மட்டும் என் உண்மையான இடுப்பு, 34, அதில் ஒரு நூல் கூடக் கூட்டவில்லை.

போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது முதலில் சந்தேகம், கால் இரண்டும் பெரிதாக, பழைய காலத்து ரவுசர் போல இருந்தது. கவசத்தைக் கட்டியதும் அந்த அகலம் எல்லாம் நிரம்பி, மடிப்புக் கோடு நேராகச் சப்பாத்து வரை விழுந்தது. கவசம் இல்லாமல் இந்த ரவுசரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், பிழையாகத்தான் தெரியும்.

போன சனிக்கிழமை ஏழு இனிங்ஸ் பிளேட்டுக்குப் பின்னால் நின்றேன். குந்தும்போது துணி முழங்காலில் வழுக்கிப் போவதை உணரமுடிந்தது, எங்கும் இழுக்கவில்லை. மூன்றாவது இனிங்ஸுக்குப் பிறகு ரவுசர் என்ற நினைப்பே வரவில்லை. தாழ்ந்து வருகிற பந்தை, கேட்சரின் கையுறை நிலத்தைத் தொட்டதா இல்லையா என்பதை, இந்த வருடம் முதல் தடவையாகத் தெளிவாகப் பார்த்தேன். பிளேட்டைத் துடைக்கும்போது நடுவர் மைதானத்துக்கு முதுகு காட்டிப் பார்வையாளர் பக்கம் பார்த்துக் குனிவது வழக்கம். பந்தெறிகிற பிட்சர் உட்பட எட்டுப் பேரும் என் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், சேட்டு உள்ளேதான் இருந்தது.

ஒரே ஒரு குறை. குந்தும்போது கீழ்வாய் இன்னும் முக்கால் அங்குலம் போல ஏறி, சப்பாத்தின் மேல்மூடியில் வந்து நிற்கிறது.

குருநகர்_பெடியன்

அண்ணை, அந்த அளவுத் துண்டைப் படம் எடுத்துப் போடுவீர்களா?

செம்மண்_நடுவர்

போடுவேன் தம்பி, ஆனால் என் அளவில் தைக்காதே. உன் கவசம் வேறு, உன் முழங்கால் வேறு. எங்கெங்கே அளப்பது என்பதற்கு மட்டும் அதைப் பார். கவசம் இல்லையென்றால் என்னுடையதை ஒரு நாளைக்கு வாங்கிக்கொண்டு போய் அள.

கத்தரிக்கோல்

கீழ்வாய் ஏறுவது தெரிந்ததுதான் தம்பி, அதற்காகத்தான் உள்ளே இரண்டரை அங்குலம் மடித்து வைத்திருக்கிறேன். இப்போதே இறக்கவேண்டாம். மூன்று தோயல் போகட்டும், துணி இன்னும் கொஞ்சம் சுருங்கும், பிறகு கொண்டுவாருங்கள். ரீச்சரின் மூன்று ரவுசரும் வெட்டியாகிவிட்டது, வியாழக்கிழமை போட்டுப் பார்க்க வரலாம்.

செம்மண்_நடுவர்

இரண்டு தோயல் முடிந்தது ஐயா. மூன்றாவது இந்த ஞாயிறு. திங்கள் பின்னேரம் வருகிறேன், கவசத்தையும் சப்பாத்தையும் கொண்டுவருகிறேன்.